காற்றுப் பிரிந்த செய்தி

எங்கள் மலாயாவில், கூலாய்ப் பக்கத்தில் யாருக்காவது வயிற்றில் கத்தி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அவரை முதலில் என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "சைக்கிள் கடை அம்மாவைப் போய்ப் பாருங்க, அவங்களுக்குக் குடலையே வெட்டி ஒட்டியிருக்கு" என்று சொல்லி அனுப்புகிறார்களாம். வருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். நான் நடக்கிறேன், சமைக்கிறேன், மீன்காரனோடு சண்டை போடுகிறேன் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அவர்கள் முகம் தெளிகிறது. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் தனபாக்கியம். கணவர் சிங்காரம் கூலாய்க் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், வள்ளி. அவள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயத்தில்தான் எனக்கு வலி ஆரம்பித்தது. தொப்புளுக்குக் கீழே, வலப்பக்கம். சாப்பிட்டுக் கை கழுவிய சற்று நேரத்தில் உள்ளே யாரோ துணி பிழிவது போல முறுக்கும். பிறகு வயிற்றில் கடமுடவென்று சத்தம், அதன் பிறகு பேதி. சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல். நாளாக ஆக, சாப்பிடவே பயந்து சாப்பாட்டைக் குறைத்தேன். ரவிக்கைகள் எல்லாம் தொளதொளத்துப் போயின.

முதலில் சீதபேதி என்றார்கள். அதற்கு ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துப் போனது. பிறகு ஒரு டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வலப்பக்கத்தில் கட்டி மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது, குடலில் க்ஷயமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். க்ஷயம் என்ற சொல் எங்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட்டது. தெருவில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டதும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். வள்ளியை மடியில் வைத்துக்கொள்ளவே எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்து டீக்கடை ஹமீது பாயின் மனைவி மைமூன் அக்கா மட்டும் எப்போதும் போல வந்து, நான் பாதி குடித்து வைத்த தேநீரை எடுத்துக் குடித்துவிட்டு, "இனிப்பு பத்தல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் நெடுநேரம் அழுதேன். அது துக்கத்து அழுகை இல்லை.

ஒருநாள் வலியோடு வாந்தியும் சேர்ந்துகொண்டது. வள்ளியை மைமூன் அக்காவிடம் விட்டுவிட்டு, என்னை ரயிலேற்றி ஜொகூர்பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார் என் கணவர்.

அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரைதான் பெரிய டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நின்றவர் டிரெஸர் நல்லதம்பி. யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, துரைக்கும் தமிழ் நோயாளிகளுக்கும் நடுவில் பேசிக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. அவர் தமிழ் எங்கள் காதுக்குப் புதிது. முதல் நாள் "பயப்படாதையுங்கோ" என்று அவர் சொன்னபோது, இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பயப்படாதே என்று சொன்னதில்லையே என்று தோன்றியது.

வெறும் வயிற்றில், சுண்ணாம்பைக் கரைத்தது மாதிரி ஒரு வெள்ளைக் கஞ்சியைக் குடிக்கச் சொன்னார்கள். அந்தக் கஞ்சி போகிற பாதை படத்தில் தெரியுமாம். இருட்டறையில் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் படம் எடுத்தார்கள். படத்தைத் துரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அகலமாக வந்துகொண்டிருந்த வெள்ளை, சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் நூல் மாதிரி மெலிந்து போயிருந்தது. நான் சாப்பிட்டதெல்லாம் அந்த நூல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது என்று பார்த்ததும், என் வயிற்றின் மேல் எனக்கே இரக்கம் வந்தது.

"இது க்ஷயம் இல்லையெண்டு துரை நினைக்கிறார்" என்றார் டிரெஸர். "குடலின்ரை கடைசிச் சுற்று மட்டும் வீங்கித் தடிச்சுப் போற வருத்தம். அமெரிக்காவிலை கொஞ்ச வருசத்துக்கு முந்தித்தான் இது வேறை, க்ஷயம் வேறையெண்டு எழுதியிருக்கினமாம். எழுதின டாக்டர் ஒருத்தற்றை பேரைச் சொல்லி, குரோன் நோய் எண்டு சொல்லுகினம்."

என் கணவர் காதில் அது 'குரோதம்' என்று விழுந்தது. யாரோ குரோதம் வைத்துச் செய்த வேலையென்று துரையே கண்டுபிடித்துவிட்டார் என்று எண்ணி, அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். யாரை நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். என் அண்ணனைத்தான்.

அண்ணனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. செனாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்த அண்ணன் கதிரேசன்தான் என்னை வளர்த்தார். எனக்குத் தலை பின்னிவிட்டது அவர். சோறு குழைந்தால் திட்டியதும் அவர்தான். அவருடைய சைக்கிளைப் பழுது பார்க்க வந்தவர்தான் என் கணவர். சைக்கிளில் பழுது தீர்ந்த பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். அதற்குள் அண்ணன் எனக்கு வேறொரு மாப்பிள்ளை பேசி, சிங்கப்பூரிலிருந்து கூறைப் பட்டும் எடுத்து வந்துவிட்டார். கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் கரை. "எப்படி இருக்கு பாப்பா?" என்று மடிப்போடு நீட்டினார். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், சிங்காரத்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னேன்.

எங்கள் கல்யாணம் கோயிலில் நூல் சேலையோடு நடந்தது. அண்ணன் வரவில்லை. ஆள் மூலம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பினார்: "இனிமே அவ மூஞ்சியில நான் முழிக்கிறதா இருந்தா, கோடி போடத்தான் வருவேன்." சுமங்கலியாகச் சாகிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்துவார்களே, அந்தக் கோடி. செத்தால்தான் வருவேன் என்று அர்த்தம். என் அண்ணன் சொன்ன சொல் தவறாத மனிதர். வள்ளி பிறந்ததற்கும் வரவில்லை. நான் படுத்த படுக்கையானதற்கும் வரவில்லை.

மருந்தால் இனி ஆகாது, நோய்ப்பட்ட துண்டை எடுத்தாக வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். எடுத்த பிறகு மிச்சக் குடலை எப்படிச் சேர்ப்பார்கள் என்று என் கணவர் கேட்டார். டிரெஸர் படம் போட்டுக் காட்டினார், இவருக்குப் புரியவில்லை. மறுநாள் கடையிலிருந்து ஒரு சைக்கிள் டியூபையும் ஒரு மோட்டார் டியூபையும் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். டிரெஸர் சிரித்துவிட்டு, என் கட்டிலிலேயே இரண்டையும் வைத்துப் பாடம் நடத்தினார். எனக்கும் சேர்த்துத்தான்.

சிறுகுடல் ஒல்லி, பெருங்குடல் பருமன். சைக்கிள் டியூபும் மோட்டார் டியூபும் மாதிரி. நுனியோடு நுனி வைத்துத் தைப்பது ஒரு முறை. பார்க்க இயற்கையாக இருக்கும். ஆனால் இரண்டு வாயும் ஒரே அளவாக இராது, தைத்த இடம் வளையம் மாதிரி சுருங்கவும் பார்க்கும். இரண்டாவது முறையில் பெருங்குடலின் வெட்டிய நுனியை மூடித் தைத்துவிட்டு, அதன் பக்கவாட்டில் ஒரு துவாரம் போட்டு, சிறுகுடலின் நுனியை அதில் வைத்துத் தைப்பார்கள். மூன்றாவதில் இரண்டு நுனிகளையுமே மூடிவிடுவார்கள். பிறகு இரண்டு குடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, இரண்டிலும் நீளவாட்டில் கீறி, அந்த வாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைப்பார்கள். தையல் அதிகம். ஆனால் வழி அகலமாக இருக்கும், லேசில் அடைக்காது. நோயாளி மிகவும் சோர்ந்திருந்தால் இன்னொன்றும் உண்டாம். கெட்ட துண்டை எடுக்காமல் அப்படியே ஓய்வாக விட்டு, அதற்கு மேலே இருக்கும் நல்ல குடலை வெட்டிப் பெருங்குடலில் இணைத்துச் சுற்றுவழி போட்டுவிடுவது. எதைச் செய்வது என்று வயிற்றைத் திறந்து பார்த்த பிறகுதான் துரை முடிவு செய்வார்.

"சொல்யூஷன் தேச்சு பேட்ச் போடுற மாதிரி ஒண்ணும் கெடையாதுங்களா?" என்று கேட்டார் என் கணவர்.

"குடலுக்கு ஒட்டுப் போடேலாது. நூல்தான். உள்ளுக்கை ஒரு வரிசை, வெளியிலை ஒரு வரிசை. வெளித்தோலும் வெளித்தோலும் முட்டுற மாதிரி மடிச்சுத் தைப்பினம். அப்பதான் ரெண்டும் ஒட்டும். வெட்டின விளிம்பிலை ரத்தம் கசிய வேணும். கசிஞ்சால்தான் அது உயிருள்ள குடல்."

உள் வரிசைக்கு எந்த நூல் என்று கேட்டேன். ஆட்டுக்குடலில் திரித்த நூலாம், தானே கரைந்துவிடுமாம். வெளி வரிசைக்குப் பட்டு நூல். கல்யாணத்துக்குப் பட்டுக் கட்டிக்கொள்ளாதவளுக்கு வயிற்றுக்குள் பட்டு எழுதியிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை, மோட்டார் டியூபைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

டிரெஸர் இரண்டு விஷயங்களை மறைக்காமல் சொன்னார். இந்த நோய் சிலருக்குத் திரும்பவும் வரலாம், வந்தால் பெரும்பாலும் தையல் போட்ட இடத்திலேயே வரும் என்பது ஒன்று. எனக்கு இதுவரை வரவில்லை. வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்றுதான் பெரிது. தைத்த முதல் சில நாட்களில் தையல் பிரிந்தால், குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசிந்து சீழ் பிடிக்கும். அதற்குப் பிறகு பிழைப்பது மிகவும் கஷ்டம். தையல் பிடித்திருக்கிறது, குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் ஒன்றே ஒன்றுதானாம்.

"காத்துப் பிரிய வேணும், அம்மா" என்றார்.

ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கணவர் கூடவே வந்தார். கதவருகில் குனிந்து, "சக்கரத்தைக் கழட்டிப் போட்டவருக்குத் திருப்பி மாட்டத் தெரியாமலா இருக்கும், தைரியமா போ" என்றார். அவர் தைரியம் எனக்குத் தெரியும், கதவு மூடும் வரைக்கும் கட்டிலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. முகத்தில் மூடி வைத்து, மயக்கம் வர ஈதர் சொட்டினார்கள். தித்திப்பும் காரமுமான அந்த வாடையில் எனக்கு மூச்சு முட்டியது. வள்ளி முகத்தை நினைக்க முயன்றேன். காலையில் அவள் வாயில் ஒட்டியிருக்கும் பால் ஆடைதான் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது வாந்தியும் தாகமும்தான் முதலில் தெரிந்தன. தடித்து விறைத்த துண்டைத் துரை எடுத்துவிட்டாராம். கூடவே பெருங்குடலின் தொடக்கத்தையும் எடுத்து, மிச்சத்தைப் பக்கத்துக்குப் பக்கமாகத் தைத்தாராம். வெட்டிய விளிம்பு இளஞ்சிவப்பாக இருந்ததாம், ரத்தமும் கசிந்ததாம். டிரெஸர் இதை நல்ல சேதியாகச் சொன்னார். நான் தண்ணீர் கேட்டேன். வாயில் ஒரு சொட்டுக் கூடாது என்றார்கள். தொடையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். உடம்புக்குள் தண்ணீர் போனால் நாக்குக்கு என்ன தெரியும்? என் கணவர் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றுவார். நான் பஞ்சைக் கடித்து உறிஞ்சப் பார்ப்பேன். அவர் திருடனைப் பிடிப்பது மாதிரி என் தாடையைப் பிடித்துப் பஞ்சை வெளியே எடுப்பார்.

பிறகு காத்திருப்பு தொடங்கியது. காலையும் மாலையும் டிரெஸர் வார்டு வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார்: "அம்மா, காத்துப் பிரிஞ்சதோ?" எனக்கு உயிர் போகும் வெட்கம். கட்டின புருஷன் எதிரில்கூட அந்தப் பேச்சைப் பேசாமல் வளர்ந்தவள் நான். இங்கே வார்டு முழுக்க அதுதான் பேச்சு. அடுத்த கட்டிலில் ஒரு மலாய் மூதாட்டி, மக்சிக் என்று கூப்பிடுவோம். அவரும் கண் விழித்ததும் விழிக்காததுமாக, "அங்கின் சுடா?" என்பார். காற்று வந்ததா என்று அர்த்தம். இல்லையென்று நான் தலையாட்டினால், எனக்கு ஆறுதலாகத் தானே ஒன்றை விட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

துரைகூட எனக்காக அந்த ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுக்கொண்டார். காத்து என்பது அவர் வாயில் 'காட்டு' என்று வந்தது. எதைக் காட்டச் சொல்கிறார் என்று தெரியாமல் முதல் நாள் நாக்கை நீட்டிக் காட்டினேன். அவரும் அதை நன்றாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்.

ஊரார் சைக்கிளுக்கெல்லாம் காற்று ஏற்றிப் பிழைக்கிறவர் என் கணவர். தன் பெண்டாட்டிக்குக் காற்று இறங்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

சிரிப்பெல்லாம் முதல் இரண்டு நாட்கள்தான். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. தோல் மத்தளம் மாதிரி இழுபட்டது. கம்பளித் துணியைக் கர்ப்பூரத் தைலம் கலந்த வெந்நீரில் பிழிந்து வயிற்றில் ஒத்தடம் போட்டார்கள். தோல் சிவந்து எரிந்ததுதான் மிச்சம். ஒருநாள் காலை துரை வந்து வயிற்றில் காதுக்குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். 'காட்டு' என்று கேட்கவில்லை. டிரெஸரிடம் மெதுவாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்னங்க சொன்னார்?" என்று கேட்டேன்.

டிரெஸர் கொஞ்சம் தயங்கினார். "நாளைக்கும் பிரியேல்லையெண்டால் திரும்பத் திறந்து பாக்க வேண்டி வரும். இப்ப இருக்கிற உடம்புக்கு அது..." என்று நிறுத்தினார்.

அவர் நிறுத்திய இடத்திலிருந்து நான் படித்துக்கொண்டேன். செத்துவிடுவேன் என்று அன்றுதான் முதல் தடவையாக நம்பினேன். பயம் வலியை விடப் பெரிதாக இருந்தது. வள்ளிக்கு இன்னும் என் பேர் சொல்லத் தெரியாது. அம்மா என்று யாரைக் கூப்பிட்டோம் என்பதே அவளுக்கு மறந்துபோகும். இவருக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. அப்புறம் அண்ணன். எப்படியும் வருவார், சொன்ன சொல் தவறாதவர். வந்து போர்த்துவார். நான்தான் அவரைப் பார்க்க மாட்டேன். அதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. உயிரோடு இருக்கும்போது ஒரு தடவை வந்தால் என்ன கெட்டுப்போகும் இந்த மனிதருக்கு என்று.

அன்று பிற்பகல், பார்வையாளர் நேரம். வார்டு நிறைய மனிதர்கள். என் கணவர் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். வயிற்றுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு கடமுடா சத்தம் கேட்டது. அது நகர்ந்தது. வலித்துக்கொண்டே கீழே கீழே நகர்ந்தது. நான் இவர் கையைப் பிடித்தேன். பிறகு வந்தது. சின்னதாக இல்லை, வார்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

என் கணவர் என்னைப் பார்த்தார், மக்சிக்கைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார்.

"தனம், நீதானா?"

தலையாட்டினேன். மக்சிக் இரண்டு கைகளையும் ஏந்தி, "ஷுக்கூர், ஷுக்கூர்" என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். டிரெஸர் ஓடி வந்தார். என் கணவர் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டே அழுதார். வெட்கம் எங்கே போனதென்று எனக்குத் தெரியவில்லை. நானும் அழுதேன். இன்னொன்றும் வந்தது.

அன்று ஹமீது பாய் கடைக்குச் சரக்கெடுக்க ஜொகூர்பாரு வந்திருந்தார். மாலை ரயிலில் அவர் திரும்பிப் போவார் என்று தெரிந்து, என் கணவர் ஸ்டேஷனுக்கு ஓடிப் போய்ச் சேதி சொன்னார். டிரெஸரிடம் கேட்டுக் கேட்டு இவருக்கும் அந்தப் பேச்சே வந்துவிட்டது. "பாய், காத்துப் பிரிஞ்சிருச்சு" என்றார். பாய் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாராம்.

அதற்குப் பிறகு ரயிலில் நடந்ததைப் பாயே பின்னால் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். எதிர்ப் பலகையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தோட்டத்து ஆள் ஒருவரும் இருந்தார். "சைக்கிள் கடைக்காரர் சம்சாரம் எப்படி இருக்காங்க, பாய்?" என்று அவர் விசாரித்தார். பாய் மானம் மரியாதை பார்க்கிறவர். பெண்கள் இருக்கிற இடத்தில், அதுவும் அடுத்த வீட்டுப் பெண்ணைப் பற்றி, காத்து கீத்து என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் முழுங்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

"மத்தியானம் பிரிஞ்சிருச்சு. நல்லபடியா பிரிஞ்சிருச்சு. நாலஞ்சு நாளா ரொம்பத் தவிச்சிட்டாங்க பாவம். எல்லாம் அல்லாவோட ரஹ்மத்து. புள்ளைய எங்க வீட்டுலதான் வச்சிருக்கோம்."

அந்த ஆள் செனாயில் இறங்கும்போது தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாராம். பாய்க்கு அப்போதும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை. கரண்டியால் பார்லித் தண்ணீர் தரலாம் என்று துரை அனுமதித்துவிட்டார். என் கணவர் ஊட்ட, நான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன். பல நாள் கழித்துத் தொண்டையில் இறங்கிய அந்த வெதுவெதுப்பு போல ஒரு ருசியை இன்றுவரை நான் கண்டதில்லை. கண்ணைத் திறந்தபோது வார்டு வாசலில் டிரெஸர் நின்றார். அவர் பின்னால் என் அண்ணன்.

அண்ணன் முதலில் போனது பிணக்கிடங்குக்காம். அங்கிருந்த மலாய்க் காவலாளி இந்தியப் பெண் யாரும் இங்கே இல்லை என்று கையை விரிக்க, என் தங்கச்சியை எங்கே கொண்டு போனீர்கள் என்று அண்ணன் சத்தம் போட்டிருக்கிறார். சத்தம் கேட்டு வந்த டிரெஸர் பேரைக் கேட்டிருக்கிறார். சொன்னதும், "தனபாக்கியமோ? அவ பார்லித் தண்ணி குடிக்கிறா, வாங்கோ" என்று கூட்டி வந்துவிட்டார்.

அண்ணன் காலில் செருப்பில்லை. முகத்தில் இரண்டு நாள் தாடி. கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். வாசலைத் தாண்டி உள்ளே வரத் தெரியாதவர் மாதிரி நின்றார்.

"வாங்கண்ணே" என்றேன்.

அவர் வந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, போர்வையோடு சேர்த்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தமே வரவில்லை. என் கணவர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். இருவரும் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன.

"மச்சான், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றார் இவர்.

அண்ணன் தண்ணீரை வாங்கிக்கொண்டார். "பிரிஞ்சிருச்சுன்னு சொன்னாங்களே மாப்ள" என்றார்.

"ஓம், பிரிஞ்சதுதான்" என்றார் டிரெஸர். எது பிரிந்தது என்றும் விளக்கினார்.

அண்ணன் வாயிலிருந்த தண்ணீரை விழுங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, "அந்த பாய்க்கு வாயில காத்துங்கிற ஒரு வார்த்தை வரலையா?" என்றார். எனக்குச் சிரிப்புப் பீறிக்கொண்டு வந்தது. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"சிரிக்கப்படாது, தையல் பிரிஞ்சிடும்" என்று அதட்டினார் டிரெஸர். அதற்கும் சிரிப்பு வந்தது, எனக்கு மட்டுமில்லை.

எல்லாம் அடங்கிய பிறகுதான் பொட்டலத்தைக் கவனித்தேன். அண்ணன் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அது என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல."

"கோடியா?"

அவர் பொட்டலத்தை இன்னும் உள்ளே தள்ளினார்.

"குடுங்க" என்றேன்.

"சும்மா இரு பாப்பா, காலங்காத்தால. போற வழியில எங்கயாச்சும் போட்டுர்றேன் அத."

"வேணாம் தனம்" என்றார் என் கணவரும்.

"கோடி போடத்தான் வருவேன்னு சொன்னீங்க. சொன்ன மாதிரியே வந்துட்டீங்க. போடாமப் போனா எப்படி? போட்டுருங்க. அப்புறம் அந்தப் பேச்சே கெடையாது. நாளையிலருந்து சும்மா வரலாம்ல?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பொட்டலத்தை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார். பூச்சி உருண்டை வாடை வந்தது, பல வருஷம் டிரங்குப் பெட்டியில் கிடந்த வாடை. உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் பட்டு, மாம்பழ மஞ்சள் கரை. மடிப்பு விழுந்த இடங்களில் நிறம் லேசாக வெளுத்திருந்தது. மடிப்புக் கலையாமலே இருந்தது.

அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வெடியக்காலைல கடை தொறக்கல. அதான் வீட்ல கெடந்தத எடுத்துட்டு வந்தேன்."

எழுந்து நின்று சேலையை உதறிப் பிரித்தார். மக்சிக் அடுத்த கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். பாதத்திலிருந்து தொடங்கி, முழங்காலுக்கு மேலே, வயிற்றுக் கட்டின் மேல் பாரம் படாமல் தூக்கிப் பிடித்து, அண்ணன் அதை என் மேல் போர்த்திக்கொண்டே வந்தார். கோடி போர்த்தினால் முகத்தையும் மூடுவார்கள். அண்ணன் கழுத்தோடு நிறுத்தி, மஞ்சள் கரையைத் தாடைக்குக் கீழே மடித்து வைத்தார்.